மூட்டை தூக்கியவர்களின் இதயம்

சான் பிரான்சிஸ்கோ துறைமுகத் தொழிலாளர்கள் 6,351 பேரை ரால்ஃப் பாஃபன்பார்கர் என்ற மருத்துவர் 22 ஆண்டுகள் பின்தொடர்ந்தார். மூட்டை தூக்குவது, சரக்கு இறக்குவது என்று முதுகு முறிய உழைத்தவர்களில், பத்தாயிரம் பேருக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 27 பேர் இதய ரத்தக்குழாய் நோயால் இறந்தார்கள். அதே துறைமுகத்தில் லேசான வேலை பார்த்தவர்களில் அந்த எண்ணிக்கை 49. இந்த முடிவு 1975இல் வெளிவந்தது. அதற்கு முன்பே, 1953இல், லண்டன் மாடிப் பேருந்துகளில் உட்கார்ந்தே ஓட்டும் டிரைவரைவிட மாடிப்படி ஏறி இறங்கி டிக்கெட் கொடுக்கும் கண்டக்டருக்கு மாரடைப்பு குறைவு என்று ஜெர்ரி மோரிஸ் என்ற ஆய்வாளர் காட்டியிருந்தார்.

இதைப் படிக்கும்போது எனக்கு வடசென்னையின் ராயபுரமும் காசிமேடும்தான் நினைவுக்கு வருகின்றன. சென்னைத் துறைமுகத்தில் 1983இல் கன்டெய்னர் முனையம் வந்தது. ஆட்கள் முதுகில் சுமந்து இறக்கிய சரக்கை கிரேன் பெட்டி பெட்டியாகத் தூக்கி வைத்தது. அந்தச் சுமை இறங்கியது நல்லதுதான். முதுகெலும்பு தேய்ந்து போனவர்களைக் கேட்டால் தெரியும். ஆனால் அந்த வேலை இதயத்துக்குக் கொடுத்திருந்த பயிற்சியும் கூடவே போய்விட்டது.

அது என்ன பயிற்சி? சுமை தூக்கி நடக்கும்போதும் ஓடும்போதும் கால் தசைகள் ரத்தத்தை வேகமாக இதயத்துக்குத் திருப்பி அனுப்புகின்றன. ஓய்வில் நிமிடத்துக்கு சுமார் 5 லிட்டர் ரத்தம் இறைக்கும் வளர்ந்தவரின் இதயம், கடும் உழைப்பில் 20 லிட்டர் வரை இறைக்கும். நாள்தோறும் பழகிய இதயம் ஒரே துடிப்பில் அதிக ரத்தத்தைத் தள்ளக் கற்றுக்கொள்கிறது. அதனால் சும்மா இருக்கும் நேரத்தில் அது குறைவாகத் துடித்தாலே போதும்.

ரத்தக்குழாயில் நடப்பது இன்னும் வியப்பானது. விரைந்து பாயும் ரத்தம் குழாயின் உட்சுவரை உரசும்போது, அந்தச் சுவர் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைத் சிறிது சிறிதாகச் சுரக்கிறது. சில நொடிகளே உயிர்வாழும் அந்த வாயு குழாயைத் தளர்த்தி விரிக்கிறது. இதைக் கண்டறிந்த மூவருக்கு 1998இல் நோபல் பரிசு கிடைத்தது. எண்ணூர் விரைவு சாலையில் வரிசைகட்டி நிற்கும் டிரெய்லர் லாரிகள் கக்கும் புகையிலும் இதே வாயு உண்டு. வெளியே மாசு, உள்ளே, உடம்பு தானே அளந்து செய்துகொள்ளும்போது, மருந்து.

பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதற்கு, மாரடைப்பு அப்பா வயதுக்காரர்களுக்குத்தானே வரும் என்று தோன்றலாம். கொரியப் போரில் இறந்த அமெரிக்க வீரர்கள் 300 பேரின் உடல்களைச் சோதித்தபோது, நான்கில் மூன்று பேருக்கு மேல் இதயக் குழாயில் அடைப்பின் தொடக்கம் இருந்தது. அவர்களின் சராசரி வயது 22. பிறகு அமெரிக்காவின் பொகலூசா என்ற சிற்றூரில் 1973 முதல் நடந்த ஆய்வு, கொழுப்புக் கோடுகள் சிறுவயதிலேயே குழாய்ச் சுவரில் படியத் தொடங்குவதைக் காட்டியது. நாற்பதில் வரும் நெஞ்சுவலிக்கு வேர் பள்ளிக்கூட வயதில் இருக்கிறது.

ஐந்து முதல் பதினேழு வயது வரை தினமும் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்க உடல் அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல். வடசென்னைப் பிள்ளைகள் எங்கே ஓடுவது? கடலோரம் தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலைச் சென்னைத் துறைமுகத்தின் தடுப்புச்சுவர் மறித்தது. தெற்கே மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் முதல் திருவொற்றியூர் வரை கரை அரித்து, கருங்கல் கொட்ட வேண்டியதாயிற்று. மெரினாவில் மற்ற பிள்ளைகள் ஓடும் மணலில் ஒரு பங்கு இந்தப் பிள்ளைகளுக்கு வந்திருக்க வேண்டியது. இந்த அநியாயத்தை நாம் போதுமான அளவு பேசுவதில்லை.

ஆனால் வடசென்னைக்குச் சொந்தமான வழி ஒன்று உண்டு. சார்பட்டா, இடியப்ப நாயக்கர் பரம்பரைகள் மோதிய குத்துச்சண்டை மண் இது. குத்துச்சண்டைக்காரர்கள் மூச்சைப் பழக்கும் ஸ்கிப்பிங் கயிற்றுக்கு ஒரு மொட்டைமாடியின் மூலை போதும். ஆணும் பெண்ணும், அம்மாவும் பிள்ளையும் ஒரே கயிற்றை மாற்றி மாற்றி எடுக்கலாம். பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்தாலும் கணக்கில் சேரும். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் குறைந்தபட்ச வேகம். மார்கழி, தை விடியலில் தரையோடு தங்கும் குளிர்காற்றில் புகையும் தேங்கி நிற்பதால், அந்த மாதங்களில் மாலை நேரம் மேல். லாரி போகும் சாலையோரம் வேண்டவே வேண்டாம். ஆடும்போது பிள்ளைக்கு மயக்கமோ நெஞ்சுவலியோ வந்தால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பி.டி. பீரியடைக் கணக்குப் பாடத்துக்கு வாங்கிக்கொள்ளும் வழக்கம் உங்கள் பிள்ளையின் பள்ளியில் இருந்தால், அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். பத்தாம் வகுப்புக்கும் அந்தப் பீரியட் உண்டு என்று தீர்மானத்தில் எழுதச் சொல்லுங்கள்.