மலை ஏறிய வானொலி

மதுரையில் டீக்கடை, திண்டுக்கல்லில் ஆட்டோ ஸ்டாண்டு, எங்கே நின்று ரேடியோவை 100.5-க்குத் திருப்பினாலும் கோடை பண்பலை பேசும். நிலையம் இருப்பதோ கொடைக்கானலில். நேர்கோட்டில் அளந்தால் அங்கிருந்து மதுரைக்கு 75 கிலோமீட்டருக்கு மேல். திருச்சிக்கு ஏறக்குறைய 145. சின்ன ஊரின் நிலையத்துக்கு இவ்வளவு நீளக் கை எங்கிருந்து வந்தது?

சென்னையில் 1977-இல் பண்பலை ஒலிபரப்பு வந்தது. அகில இந்திய வானொலியின் முதல் உள்ளூர் நிலையம் 1984-இல் நாகர்கோவிலில் திறக்கப்பட்டது. கொடைக்கானலின் முறை அதற்குப் பிறகுதான். வந்தாலும் என்ன, உட்கார இடம் கிடைத்தது மலை உச்சியில்!

மத்திய அலை தரையை ஒட்டித் தவழும். இரவானால் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பித் தொலைதூரத்தில் இறங்கும். பண்பலைக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. அயனி மண்டலத்தைத் துளைத்துக்கொண்டு விண்வெளிக்கே போய்விடும். ஏறத்தாழ நேராகத்தான் ஓடும். பூமியோ உருண்டை. சமவெளியில் 100 மீட்டர் கோபுரம் கட்டினாலும் சுமார் 40 கிலோமீட்டரில் தரை வளைந்து கீழே போய்விடும், அலை தலைக்கு மேலே கடந்துவிடும். தூரம் இரட்டிப்பாக வேண்டுமானால் உயரம் நான்கு மடங்காக வேண்டும். 400 மீட்டரில் கோபுரம் எழுப்ப எவனிடம் காசு இருக்கிறது?

கொடைக்கானல் உட்கார்ந்திருக்கும் பழனி மலைத்தொடர் அந்த உயரத்தை இலவசமாகவே கொடுத்துவிட்டது. சமவெளிக்கு மேல் ஏறக்குறைய 2,000 மீட்டர். அங்கிருந்து கண்ணுக்கு எட்டும் விளிம்பே 160 கிலோமீட்டர். காற்று அலையைச் சற்றே வளைத்துக் கொடுப்பதால் இன்னும் சுமார் 25 கிலோமீட்டர் கூடுதல். கோபுரத்தில் கிளம்பிய அலை அந்த விளிம்பைத் தொடுவதற்குள், நம் வாயிலிருந்து வந்த பேச்சு ஒரு சாண்கூட நகர்ந்திருக்காது.

மலை கொடுத்ததை மலையே பறிப்பதும் உண்டு. திருச்சியில் தெளிவாகப் பேசுகிற நிலையம், முகடு மறைக்கும் அடிவாரத்து ஊரில் கரகரக்கும். நேராக வரும் அலையும் பாறையில் பட்டுத் தெறித்து வருவதும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும் இடங்கள் அங்கே திட்டுத் திட்டாக இருக்கும். அங்கே மாட்டிக்கொண்டால் பெட்டியைத் தட்டாதீர்கள். நாலடி தள்ளி வைத்துப் பாருங்கள். அந்த அலையின் நீளமே 3 மீட்டர்தான்.