ஒளியும் பொருளும் புணருமாறு

ஒளி ஒரு பொருளின்மேற் பட்டால் பொருள் அதனை ஏற்கும், பின்னர் உமிழும். உமிழப்பட்ட ஒளி மீண்டு வருவதில்லை. ஆயின், அவ்வொளி எளிதில் தப்பாவாறு இரண்டு ஆடிகளுக்கிடையே அடைபட்டிருப்பின் யாது நிகழும்? இவ்வினாவிற்கு விடையாவதே 'வன்பிணைப்பு' என்னும் இயற்பியற் கருத்து.

ஈண்டு 'வன்மை' என்பது ஒளியின் மிகுதியைக் குறிக்கும் எனக் கொள்ளின் பொருந்தாது. ஒளியும் பொருளும் தம்முள் ஆற்றலைக் கொண்டும் கொடுத்தும் நிற்கும் விரைவு, அவ்வாற்றல் வெளியே கசிந்தொழியும் விரைவினும் மிகுமாயின் பிணைப்பு வன்மையுடையது, குறையுமாயின் மென்மையுடையது. அளவிறந்த ஒளியைப் பாய்ச்சின் வன்பிணைப்புச் சிதைதலும் உண்டு.

மென்பிணைப்பில், பர்செல் 1946இல் எடுத்துரைத்தவாறு, உமிழ்தலின் விரைவு மாறுமேயன்றி ஒளியும் பொருளும் தந்நிலை திரியா. வன்பிணைப்பில் இரண்டும் திரியும். ஒத்த அதிர்வெண்ணுடைய இரண்டு ஊசல்களை இணைத்தால், ஓர் அதிர்வெண்ணிற்கு மாறாகத் தம்முள் சற்றே வேறுபட்ட இரண்டு தோன்றுதல் போல, ஈண்டும் இரு புதிய நிலைகள் தோன்றும். இவற்றைப் 'போலாரிட்டான்' என்பர். 1992இல் வைஸ்புக்கும் உடனாய்வாளரும் குறைகடத்தி நுண்குழிவொன்றில் இப்பிளவைக் கண்டனர். ஆங்கு ஒளியோடு பிணைந்தது, எலெக்ட்ரானும் துளையும் சேர்ந்த 'எக்சிட்டான்' ஆகும்.

இவ்விருவகையையும் புணரியல் கொண்டு விளக்கலாம். பொன்னும் மலையும் புணர்ந்து 'பொன்மலை' என இயல்பாய் நிற்றல் மென்பிணைப்பை ஒக்கும். பொன்னும் குடமும் புணர்ந்து 'பொற்குடம்' எனத் திரிதல் வன்பிணைப்பை ஒக்கும். எனினும் இஃது ஒருபுடை உவமையே. சொற்புணர்ச்சியில் விளைவது ஒன்று. ஈண்டு விளைவன இரண்டு. பொற்குடத்தில் நிலைமொழியீறு மட்டுமே திரிந்தது. ஈண்டு இரண்டும் திரிந்தன.

போலாரிட்டான் ஒளியிடமிருந்து மிகச் சிறிய நிறையையும், பொருளிடமிருந்து தம்முள் மோதி வினைபுரியும் இயல்பையும் பெறுகின்றது. இவ்விரண்டும் ஒருங்கமைந்தமையாலேயே, 2006இல் காட்மியம் டெலூரைடு நுண்குழிவில் போலாரிட்டான்களின் போஸ்–ஐன்ஸ்டைன் செறிவுநிலையைக் காட்டுதல் இயன்றது.

ஆகலின், இதனைக் 'கலப்பு' என மொழிபெயர்த்தல் போதாது. நெல்லும் பதரும் கலந்தாலும் வேறு பிரிக்கப்படும். 'வல்லொளி' என்றலோ பிழையாம். வன்மை உறவினதேயன்றி ஒளியினது அன்று. கலைச்சொல் ஆக்குவோர் சொல்லுக்கு முன் பொருளின் எல்லையைத் துணிதல் வேண்டும் என்பதற்கு இஃது ஒரு சான்று.