பாடப்புத்தகத்துல இருக்கிற கியூ.ஆர். கோடு... இதுக்குப் பின்னால ஒரு கிராமத்து வாத்தியார் இருக்கார், தெரியுமா?

உங்க பிள்ளையோட பாடப்புத்தகத்தைத் திறந்து பாருங்க. கறுப்பு வெள்ளையில் ஒரு சதுரக் கட்டம் இருக்கும். அதுதான் கியூ.ஆர். கோடு. தமிழ்நாட்டில் 2018-ல் புதிய பாடத்திட்டம் வந்தபோது 1, 6, 9, 11-ம் வகுப்புப் புத்தகங்களில் முதலில் இடம்பெற்றது. ‘திக்‌ஷா’ செயலியில் ஸ்கேன் பண்ணினால் பாடம் தொடர்பான வீடியோ வரும்.

யார் அந்த வாத்தியார்?

மகாராஷ்டிராவின் சோலாப்பூர் மாவட்டம், பரிதேவாடி கிராமம். ரஞ்சித்சிங் திசாலே 2009-ல் அங்கே ஆசிரியராகச் சேர்ந்தபோது, பள்ளிக்கூடம் மாட்டுத் தொழுவத்துக்கும் சாமான் அறைக்கும் நடுவில் இருந்த பாழடைந்த கட்டடம். பிள்ளைகள் பேசியது கன்னடம், புத்தகம் இருந்தது வேறு மொழியில். திசாலே கன்னடம் கற்றுக்கொண்டார். பாடங்களை அந்த மொழிக்கு மாற்றி, பாட்டு, வீடியோ எல்லாம் சேர்த்து, கியூ.ஆர். கோடாகப் புத்தகத்தில் கொடுத்தார். பிறகு மகாராஷ்டிரா அரசே மாநிலம் முழுக்க இதைக் கொண்டுவந்தது. 2020-ல் அவருக்கு ‘குளோபல் டீச்சர் பிரைஸ்’, 10 லட்சம் டாலர் பரிசு. அதில் பாதியை இறுதிச்சுற்றில் இருந்த மற்ற 9 பேருக்கும் பகிர்ந்து கொடுத்துவிட்டார்!

நம்ம ஊர்ல என்ன நிலைமை?

கருவிக்குக் குறைவில்லை. 2019-ல் கல்வி தொலைக்காட்சி, 2023-ல் ‘மணற்கேணி’ செயலி வந்தாச்சு. 2024-ல் தொடக்கப் பள்ளிகளில் 22,931 ஸ்மார்ட் வகுப்பறைகள், 79,723 ஆசிரியர்களுக்கு டேப்லெட் என அரசு அறிவித்தது. ஆனால் ஆன்லைனில் விவரம் பதிவேற்றவே நேரம் போயிடுது என்பது ஆசிரியர் சங்கங்களின் பழைய புகார். இன்னொரு சிக்கலும் இருக்கு. மாநிலம் முழுக்கப் போவது ஒரே வீடியோ. அதில் நம்ம ஊர் இருக்காது.

குமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியை எடுத்துக்கோங்க. கடற்கரையிலேயே கருமணல். அதில் இல்மனைட், சிர்கான், தோரியம் உள்ள மோனசைட் எல்லாம் இருக்கு. அங்குள்ள ஐ.ஆர்.இ.எல். மணல் ஆலையில் காந்தம், உயர் அழுத்த மின்சாரம் கொண்டு இவற்றைத் தனித்தனியாகப் பிரிக்கிறார்கள். மணல் எடுப்பது சரியா, தப்பா என்ற வாதத்தை வீட்டிலேயே கேட்டு வளரும் பிள்ளைகள் இவர்கள். ‘கலவைகளைப் பிரித்தல்’ பாடத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்குமா?

உலர்ந்த கருமணலை ஒரு தாளில் பரப்பி, அடியில் வலுவான காந்தத்தை நகர்த்தினால் கறுப்புத் துகள்கள் கூடவே ஓடும். அந்தக் கறுப்பு இல்மனைட்டில் இருந்துதான் வெள்ளை பெயின்ட்டுக்கான நிறமி தயாராகிறது என்று சொல்லிப் பாருங்க, வகுப்பே நிமிர்ந்து உட்காரும்.

ஆசிரியர் என்ன செய்யலாம்?

இதை 2 நிமிஷ வீடியோவாகப் போனில் எடுக்கலாம். பிள்ளைகள் முகம் வேண்டாம், கையும் மணலும் போதும். இலவச வலைப்பூ ஒன்றில் ஏற்றி, கூடவே பிள்ளைகள் எழுதிய நாலு வரியையும் போடலாம். அந்த முகவரியைக் கியூ.ஆர். கோடாக மாற்ற இலவசத் தளங்கள் நிறைய இருக்கு. அச்செடுத்து நோட்டில் ஒட்டினால் முடிஞ்சுது. ஒட்டும் முன்னால் ஒரு தடவை ஸ்கேன் பண்ணிப் பார்த்துடுங்க.

வீட்டில் போன் இல்லாத பிள்ளைக்கு? வீடியோவை டவுன்லோடு பண்ணி வைத்து, வகுப்பிலேயே ஸ்மார்ட் போர்டில் போட்டுக் காட்டிடணும்.