இலையுதிர் காலமும் ஹாலோவீன் இரவும்

நம் ஹுத்தான் மெலிந்தாங் வட்டாரத்தில் இன்று எத்திசை நோக்கினும் செம்பனைகளே தென்படுகின்றன. செம்பனை ஒருசேர இலையுதிர்ப்பதில்லை. ஆண்டு முழுவதும் ஒரே பசுமைதான். ஆதலால், இம்மலரைப் படிக்கும் மாணவமணிகளுள் பலர் இலையுதிர் காலத்தைப் பாடநூற் படங்களில் மட்டுமே கண்டிருப்பர். நான் தமிழ்ப்பள்ளியில் பயின்ற நாளில் நிலை வேறாக இருந்தது. அன்று எங்கள் தோட்டத்தில் பால்மரங்கள் நிறைந்திருந்தன. பிப்ரவரி, மார்ச்சுத் திங்களில் அவை மஞ்சளும் செம்மஞ்சளுமாய் நிறம் மாறிச் சில வாரங்களில் இலையெல்லாம் கொட்டி மொட்டையாய் நிற்கும். கணுக்கால் புதையும் அச்சருகுகளைக் காலால் வாரி இறைத்துக்கொண்டே பள்ளிக்கு வருவோம்.

பால்மரத்தின் தாயகம் தென்னமெரிக்காவின் அமேசான் காடு. 1877ஆம் ஆண்டில் சிங்கப்பூர் வந்து சேர்ந்த 22 கன்றுகளுள் 9 கன்றுகள் நம் பேராக் மாநிலத்துக் கோலகங்சாரில் நடப்பட்டன. வறண்ட பருவத்தில் நீரைச் சேமிக்கும்பொருட்டு இலைகளை உதிர்ப்பது அம்மரத்தின் இயல்பு. நாடு மாறி வந்த பின்னும் அது தன் பழக்கத்தை விடவில்லை.

1997ஆம் ஆண்டு செப்டம்பரில் மேற்படிப்பின்பொருட்டுக் கனடா நாட்டின் டொராண்டோ மாநகர் சென்றேன். (ஈழத்தமிழர் அதனை 'ரொறன்ரோ' என எழுதுவர். முதலில் அவை இருவேறு ஊர்கள் என்றே எண்ணிவிட்டேன்!) ஸ்கார்பரோ பகுதியில் யாழ்ப்பாணத்தார் ஒருவர் இல்லத்தின் நிலவறையில் எனக்கு ஓர் அறை கிடைத்தது.

அக்டோபர் பிறந்ததும் அந்நகரின் மரங்கள் தீப்பற்றியவை போல் ஆயின. அந்நாட்டுக் கொடியில் 1965 முதல் இடம்பெற்றுள்ள மேப்பிள் இலை, மரத்திலும் அதே செந்நிறம் கொண்டு விளங்கியது. இந்நிற மாற்றத்திற்குக் காரணம் யாது? கோடையில் இலையின் பச்சையம் ஞாயிற்றொளியைக் கொண்டு உணவு ஆக்குகின்றது. பகற்பொழுது குறுகிக் குளிர் மிகும்போது மரம் பச்சையம் ஆக்குவதை நிறுத்திவிடுகின்றது. பச்சை மறையவே, அதுவரை அதன்கீழ் ஒளிந்திருந்த மஞ்சள் நிறப்பொருள் வெளிப்படுகின்றது. செந்நிறமோ முன்பே இருந்ததன்று. இலையில் தங்கிய சர்க்கரையிலிருந்து அப்பருவத்தில் புதிதாய் உண்டாவது. பின்னர் இலைக்காம்பின் அடியில் தக்கை போன்றதோர் அடுக்கு வளர்ந்து, நீர் செல்லும் வழியை அடைத்துவிடும். மெல்லிய காற்று வீசினும் இலை விழுந்துவிடும். நிலம் உறையும் பனிக்காலத்தில் வேர்கள் நீரை உறிஞ்ச இயலாது. இலைகள் இருப்பின் இருக்கும் நீரும் ஆவியாகிப் போகும். பால்மரம் வறட்சிக்கு அஞ்சிச் செய்வதனை மேப்பிள் மரம் குளிருக்கு அஞ்சிச் செய்கின்றது.

அழகிய செவ்விலை ஒன்றைப் புத்தகத்தில் அழுத்தி உலர்த்தி, தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்த என் அன்னைக்கு மடலில் வைத்து அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து மறுமொழி வந்தது: "அங்கேயும் இலை கொட்டுகிறதா? ஐயோ பாவம், அந்தச் சனங்களுக்கு இந்த மாதம் சம்பளம் எப்படி?"

அம்மடலை நெடுநேரம் கையில் வைத்திருந்தேன். இலை கொட்டும் பருவத்தில் பால் குறையும். பால் குறைந்தால் வெட்டுவோர் கூலியும் குறையும். நாங்கள் சருகில் விளையாடிக் களித்த அதே வாரங்களில்தான் அன்னை மளிகைக் கடையில் கடன் சொல்லி அரிசி வாங்கி வந்தார். அதனை நான் அறிந்துகொள்ளப் பத்தாயிரம் மைல் கடக்க வேண்டியிருந்தது.

அக்டோபர் இறுதியில் வீடுகளின் வாயிலில் பூதமுகம் செதுக்கிய பரங்கிக்காய்கள் தோன்றின. உள்ளே விளக்கு எரிந்தது. இதுவே ஹாலோவீன் விழா. நவம்பர் 1ஆம் நாள் கிறித்துவர்க்குப் புனிதர் அனைவரின் திருநாள். அதற்கு முந்திய மாலை என்பதே இப்பெயரின் பொருள். இதன் வேர் அயர்லாந்து, ஸ்காட்லாந்து மக்களின் பழைய 'சாவின்' விழாவில் உள்ளது. அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் அவ்விரவில் இறந்தோர் ஆவிகள் உலவும் என அவர்கள் நம்பினர். நம்மூர்ச் சீனர் ஏழாம் திங்களில் ஆவிகளுக்குப் படைப்பதையும், புதுமனையின் முன் பூசணியில் பூதமுகம் எழுதித் தொங்கவிடும் தமிழர் வழக்கத்தையும் எண்ணிப் பார்க்கின், இது நமக்கு அத்துணை அயலானதன்று.

அன்று அவர்கள் விளக்கு செதுக்கியது டர்னிப் என்னும் கிழங்கில். வட அமெரிக்காவில் குடியேறியபின், பெரிதும் மென்மையுமான பரங்கிக்காய் கைகொடுத்தது. அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழிந்து பஞ்சம் வாட்டியபோது, 1847ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 38,000 பேர் டொராண்டோவில் வந்திறங்கினர். அந்நாளில் அந்நகரின் மக்கள்தொகையோ சுமார் 20,000. இன்று ஊர்த்திருவிழாவாய் விளங்கும் இதுவும் ஒருகாலத்தில் வந்தேறிகள் மூட்டையில் கொண்டுவந்ததே.

31ஆம் நாள் ஐந்து மணி கடந்ததும் ஞாயிறு மறைந்தது. சிறுவர்கள் வேடமிட்டு, வீடு வீடாய்க் கதவைத் தட்டி இனிப்புக் கேட்கலாயினர். எங்கள் கதவைத் தட்டிய முதல் எலும்புக்கூட்டிற்கு அன்னை அனுப்பிய முறுக்கில் இரண்டைக் கொடுத்தேன். வீட்டுக்காரர் நகைத்து, உறையிட்ட கடைத் தின்பண்டமே கொடுக்க வேண்டும், ஏனையவற்றைப் பெற்றோர் உண்ணவிடார் என்றார்.

அவ்வில்லத்தில் அவர் தங்கையும் தங்கையின் ஏழு வயது மகளும் இருந்தனர். அவர்களும் அவ்வாண்டு வந்தவர்களே. சிறுமி போகத் துடித்தாள், தாய் இசையவில்லை. "ரெண்டு வருசத்துக்கு முந்தி இந்த நாளிலைதான் ஒவ்வொரு வீட்டுக் கதவாய்த் தட்டினனாங்கள், தம்பி. என்ரை பிள்ளை இனி ஒரு கதவையும் தட்ட வேண்டாம்" என்றார். 1995 அக்டோபர் 30ஆம் நாளிரவு, போர் நெருங்கியதால், யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதி மக்கள் இலட்சக்கணக்கில் வீடுகளை விட்டு நாவற்குழிப் பாலம் வழியே தென்மராட்சிக்கு நடந்தனர். அவர்களுள் இவ்விருவரும் இருந்தனர்.

அப்போது சிறுமி பள்ளியில் கொடுத்த சிறு காகிதப் பெட்டி ஒன்றைக் கொணர்ந்தாள். "இது ஆருக்கு?" என்று தாய் கேட்டார். பிற நாட்டு ஏழைக் குழந்தைகளுக்கென ஹாலோவீன் இரவில் சிறுவர்கள் காசு திரட்டும் வழக்கம் 1950இல் அமெரிக்காவில் தொடங்கியது. அது ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியத்தைச் சேரும். (கனடாவில் இப்பெட்டிகள் 2006இல் நிறுத்தப்பட்டன.) இவற்றை நான் சொன்னதும் அவர் சிறிது நேரம் பேசவில்லை. பின் மகளுக்குக் கம்பளிச் சட்டை மாட்டி, "தம்பி, நீரும் கூடப் போம்" என்றார்.

இருபது வீடுகள் சென்றோம். ஒரு வாயிலில் தொங்கிய பேயைக் கண்டு சிறுமி என் விரலை இறுகப் பற்றினாள். கதவு திறந்த மூதாட்டி தம் முகமூடியைக் கழற்றிச் சிரித்துவிட்டு இனிப்பும், பெட்டியில் காசும் இட்டார். பதிலாக இவளுக்குத் தெரிந்த ஆங்கிலம் 'தேங்க்யூ' ஒன்றே.

வீடு திரும்பியதும் பெட்டியை ஒட்டுமுன் தாய் தம் கைப்பையிலிருந்து ஒரு டாலர் நாணயத்தை எடுத்து உள்ளே போட்டார். திங்கட்கிழமை காலையில் சிறுமி அப்பெட்டியைக் குலுக்கிக்கொண்டு, நடைபாதையில் குவிந்த மேப்பிள் சருகுகளைக் காலால் வாரி இறைத்தவாறு பள்ளிக்குச் சென்றாள்.