பச்சையை அழிக்க லேசர்... கிரீமுக்கு என்ன வேலை?

காதல் வேகத்தில் மேற்கையில் ஒரு பெயரைக் குத்திக்கொண்டாயிற்று. இப்போது வேறு இடத்தில் வரன் அமைந்துவிட்டது. அல்லது ராணுவத்தில் சேர ஆசை. முன்கையின் உள்பக்கம், புறங்கை தவிர வேறு இடத்தில் பச்சை இருந்தால், பழங்குடியினர் அல்லாதவர்களை அங்கே எடுக்க மாட்டார்கள். இந்த நேரம் பார்த்து, 'பூசினாலே அழிஞ்சிடுமாம், ஒரு கிரீம் இருக்காமே!' என்று யாராவது சொன்னால் மனசு அதிலேயே போய் நிற்கும்.

கொஞ்சம் பொறுங்கள். பச்சை குத்தும் ஊசி, மையை மேல்தோலுக்கு அடியில், உள்தோலில் கொண்டுபோய் வைக்கிறது. மேல்தோல் உதிர்ந்துகொண்டே இருந்தாலும் பாட்டி கையில் தேளும் கோலமும் சாகிறவரை இருப்பது அதனால்தான். எந்தக் கிரீமும் அந்த ஆழத்துக்குப் போய் மையை மட்டும் பொறுக்கி எடுத்து வராது. ஆசிட் கலந்தவை தோலையே பொசுக்கிவிடும். பச்சை இருந்த இடத்தில் தழும்புதான் மிஞ்சும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையான எஃப்.டி.ஏ., பச்சை அழிக்கும் கிரீம் எதற்கும் அனுமதி தந்ததில்லை.

லேசர் கதை வேறு. ஒரு நொடியை நூறு கோடியாகப் பங்கு போட்டால் அதில் சில பங்கு நேரம்தான் ஒளி பாய்கிறது. மை பொடிப்பொடியாகச் சிதற, அதை நம் வெள்ளணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளிக்கொண்டு போகும். அதற்கு அவகாசம் வேண்டாமா? அதனால்தான் ஒவ்வொரு முறைக்கும் நடுவே 6 முதல் 8 வாரம் இடைவெளி. 'சீக்கிரம் முடிச்சுடுங்க டாக்டர்' என்று அவசரப்படுத்தினால் புண்தான் மிச்சம். நம் மாநிறத்துக்கு 1064 நானோமீட்டர் லேசரே பாதுகாப்பானது. அலைநீளம் குறைந்தால் தோலின் சொந்த நிறமியே ஒளியை வாங்கிக்கொண்டு வெள்ளைத் திட்டு விழலாம். கறுப்பு மை இதற்கு நன்றாக மசியும். பச்சையும் நீலமும் பிடிவாதக்காரர்கள்.

கிரீமுக்கு வேலை லேசருக்கு முன்னும் பின்னும்தான். சூடான எண்ணெய் தெறித்தாற்போல் சுரீரென்று வலிக்கும் என்பதால், லிக்னோகெய்ன், பிரிலோகெய்ன் கலந்த மரத்துப்போகும் கிரீமை ஒரு மணி நேரம் முன்பே பூசி மூடிவைப்பார்கள். சாதுவான சமாசாரம் என்று நினைக்காதீர்கள்! அமெரிக்காவில் 22, 25 வயதுப் பெண்கள் இருவர், லேசரில் முடி நீக்கப் போகும்முன் இந்த வகையில் வீரியமான கிரீமைக் கால்களில் பூசி, பிளாஸ்டிக் தாள் சுற்றிக்கொண்டார்கள். வலிப்பு வந்து, நினைவு தப்பி, இறந்தே போனார்கள். 2007-ல் எஃப்.டி.ஏ. இதைச் சொல்லி எச்சரித்தது. மருந்து தோல் வழியே ரத்தத்தில் கலந்துவிடுகிறது. எவ்வளவு, எத்தனை இடத்தில், எத்தனை நேரம் என்பதை டாக்டர்தான் சொல்லவேண்டும்.

லேசர் முடிந்ததும் டாக்டர் தரும் ஆயின்மென்ட், மேலே கட்டு. கொப்புளம் வந்தால் குத்தி உடைக்கக் கூடாது. ஆறியபின் வெயிலில் போனால் சன்ஸ்கிரீன் கட்டாயம். இல்லாவிட்டால் அந்த இடம் கறுத்துப்போகும்.

'இமிக்விமாட்' என்ற மருவுக்கான கிரீமையும் லேசரோடு சேர்த்துப் பார்த்தார்கள். 2009-ல் வெளியான ஓர் ஆய்வில், லேசரை மட்டும் செய்ததைவிட அதிகப் பலன் தெரியவில்லை. எரிச்சல்தான் கூடுதல்.

தோல் டாக்டரைப் பார்க்கப் போகும்போது, வீட்டில் ஏற்கெனவே பூசிப் பார்த்த ட்யூப்களையும் பையில் போட்டு எடுத்துப் போங்கள். சிவப்பழகு கிரீம் உள்பட. திட்டுவாரே என்று ஒளிக்காதீர்கள்!