அனுப்புவது எளிது, ஏற்கப்படுவதே கடினம்: மின்னஞ்சல் சேவையகங்கள் கடக்க வேண்டிய சோதனைகள்

புது தில்லி: மத்திய அரசு அலுவலர்களின் ஏறத்தாழ 12 லட்சம் மின்னஞ்சல் கணக்குகள், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸோஹோ நிறுவனத்தின் தளத்துக்கு மாற்றப்பட்டுள்ளதாக 2025 அக்டோபரில் செய்திகள் வெளியாகின. அதுவரை இக்கணக்குகளை என்ஐசி எனப்படும் தேசிய தகவலியல் மையம் தனது சொந்தக் கட்டமைப்பில் நடத்தி வந்தது. 2023-இல் ஒப்பந்தப்புள்ளி மூலம் ஏழு ஆண்டுகளுக்கு இப்பணி ஸோஹோவிடம் ஒப்படைக்கப்பட்டது. சேவையை வழங்குவோர் மாறினாலும், அரசு முகவரிகளின் இறுதியில் உள்ள 'ஜிஓவி டாட் இன்', 'என்ஐசி டாட் இன்' ஆகிய களப்பெயர்கள் மாறவில்லை.

அரசின் தரவுகள் எங்கே சேமிக்கப்படும், எவரது பொறுப்பில் இருக்கும் என்பதைச் சுற்றியே இது குறித்த விவாதங்கள் அமைந்தன. ஆனால், மின்னஞ்சல் சேவையகம் ஒன்றை நடத்தும் எவரும், அது அரசாக இருந்தாலும் பத்துப் பேர் பணியாற்றும் அலுவலகமாக இருந்தாலும், அன்றாடம் எதிர்கொள்ளும் கேள்வி வேறொன்று: அனுப்பிய கடிதத்தை மறுமுனையில் இருக்கும் சேவையகம் ஏற்றுக்கொள்ளுமா?

நம்பிக்கையில் பிறந்த முறை

மின்னஞ்சல் போக்குவரத்துக்கு அடிப்படையான எஸ்எம்டிபி நெறிமுறையை அமெரிக்கக் கணினி அறிஞர் ஜான் போஸ்டல் 1982 ஆகஸ்டில் வெளியிட்டார். ஒருவரையொருவர் அறிந்த ஆய்வாளர்கள் பயன்படுத்திய சிறிய வலையமைப்பு அது. எனவே, அனுப்புநர் தன்னைப் பற்றிக் கூறுவது உண்மைதானா என்று சோதிக்கும் ஏற்பாடு எதுவும் அந்நெறிமுறையில் இடம்பெறவில்லை. அஞ்சல் உறையின் மீது எவரும் எவருடைய பெயரையும் அனுப்புநராக எழுதிவிட முடிவதைப் போன்ற நிலை அது.

இந்தியாவிலும் தொடக்கம் அவ்வாறே அமைந்தது. 1986-இல் மின்னணுத் துறை ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியுடன் தொடங்கிய எர்நெட் வலையமைப்பு, தில்லி, சென்னை உள்ளிட்ட ஐந்து ஐஐடிக்களையும் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தையும் வேறு சில அமைப்புகளையும் இணைத்தது. 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் நிறுவனம் பொதுமக்களுக்கு இணையச் சேவையைத் திறந்துவிட்டது. பயனர்கள் பெருகியபோது, ஸ்பேம் எனப்படும் குப்பை அஞ்சல்களும் போலிக் கடிதங்களும் பெருகின. வந்ததையெல்லாம் ஏற்றுக்கொண்ட சேவையகங்கள், வருபவரைச் சந்தேகிக்கத் தொடங்கின. இன்று கடிதத்தை ஏற்பதா, மறுப்பதா என்னும் முடிவு முழுவதும் பெறும் தரப்பின் கையிலேயே உள்ளது. அந்தப் பெறும் தரப்பு பெரும்பாலும் கூகுள், மைக்ரோசாஃப்ட், யாஹூ ஆகிய சில நிறுவனங்களே.

மூன்று சான்றுகள்

கடிதம் உண்மையானது என்று நிறுவ மூன்று சான்றுகள் தற்போது கேட்கப்படுகின்றன. இவை அனைத்தும் டிஎன்எஸ் எனப்படும் இணையப் பெயர்ப் பதிவேட்டில், களப்பெயரின் உரிமையாளரால் பொதுவில் வெளியிடப்படுகின்றன.

முதலாவது எஸ்பிஎஃப். 'எங்கள் பெயரில் கடிதம் அனுப்ப இந்தச் சேவையகங்களுக்கு மட்டுமே அனுமதி உண்டு' என்று அறிவிக்கும் பட்டியல் இது. பட்டியலில் இல்லாத ஐபி முகவரியிலிருந்து வரும் கடிதம் ஐயத்துக்குரியதாகிறது. இதில் ஒரு குறை உண்டு. தனது அலுவலக முகவரிக்கு வரும் கடிதங்கள் தானாகவே ஜிமெயிலுக்குச் செல்லும்படி ஒருவர் அமைத்திருந்தால், இடையில் உள்ள சேவையகத்தின் பெயர் மூல அனுப்புநரின் பட்டியலில் இருக்காது. நேர்மையான கடிதமும் இச்சோதனையில் தோற்றுவிடும்.

இரண்டாவது டிகேஐஎம். அனுப்பும் சேவையகம் ஒவ்வொரு கடிதத்திலும் மறைகுறியீட்டு முறையில் கையொப்பமிடுகிறது. பெறும் சேவையகம், பதிவேட்டில் உள்ள பொதுத் திறவுகோலைக் கொண்டு அதைச் சரிபார்க்கிறது. வழியில் எவரேனும் உள்ளடக்கத்தை மாற்றியிருந்தால் கையொப்பம் பொருந்தாது. கடிதம் வேறொரு சேவையகம் வழியாகச் சென்றாலும், மாற்றப்படாத வரையில் இந்தக் கையொப்பம் செல்லும்.

மூன்றாவது டிமார்க். பெறுநரின் திரையில் தெரியும் அனுப்புநர் முகவரியின் களப்பெயரும், மேற்கண்ட இரண்டில் ஒன்றேனும் உறுதிசெய்யும் களப்பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது இதன் விதி. பொருந்தாத கடிதத்தை என்ன செய்வது என்பதையும் களப்பெயரின் உரிமையாளரே இதில் அறிவிக்கலாம்: ஒன்றும் செய்ய வேண்டாம், குப்பைப் பகுதியில் ஒதுக்குக, அல்லது மறுத்துவிடுக. தம் பெயரில் எங்கெங்கிருந்து கடிதங்கள் செல்கின்றன என்னும் அறிக்கைகளையும் அவர் பெற முடியும்.

பல லட்சம் கணக்குகள் ஒரு கட்டமைப்பிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது இம்மூன்று பதிவுகளும் அதே வேகத்தில் மாற வேண்டும். புதிய சேவையகங்கள் பட்டியலில் சேர்க்கப்படாமலோ, புதிய திறவுகோல் வெளியிடப்படாமலோ இருந்தால், அசல் அனுப்புநரே போலியாகக் கருதப்படும் நிலை உருவாகும். மாற்றம் முடியும் வரை பழைய பதிவுகளையும் புதிய பதிவுகளையும் சேர்த்தே வைத்திருப்பது இத்துறையில் வழக்கம்.

முகவரிக்கும் ஒரு வரலாறு

சான்றுகள் சரியாக இருந்தாலே போதும் என்று சொல்வதற்கில்லை. கடிதத்தை அனுப்பும் ஐபி முகவரியின் கடந்த கால நடத்தையும் கணக்கில் கொள்ளப்படுகிறது. 1998-இல் தொடங்கப்பட்ட ஸ்பாம்ஹாஸ் போன்ற அமைப்புகள், குப்பை அஞ்சல் அனுப்பும் முகவரிகளின் தடைப்பட்டியல்களைப் பராமரிக்கின்றன. வாடகைக்குப் பெற்ற ஓர் ஐபி முகவரியை முன்பு பயன்படுத்தியவர் தவறிழைத்திருந்தால், அதன் விளைவைப் புதிதாக வந்தவர் சுமக்க நேரிடும். ஒரே கட்டமைப்பில் உள்ள அண்டை முகவரிகளின் நடத்தையும் சில வேளைகளில் பாதிக்கும்.

எந்த வரலாறும் இல்லாத புதிய முகவரியும் சந்தேகத்துக்கு உரியதே. முதல் நாளே பல்லாயிரம் கடிதங்களை அனுப்பினால் அவை தடுக்கப்படும். எனவே, நாளொன்றுக்குச் சில நூறு என்று தொடங்கி, வாரக்கணக்கில் எண்ணிக்கையைச் சிறிது சிறிதாக உயர்த்துகின்றனர்.

வீட்டு இணைய இணைப்பில் சேவையகம் நடத்த விரும்புவோருக்குத் தடை இன்னும் பெரிது. சேவையகங்கள் தமக்குள் கடிதம் பரிமாறிக்கொள்ளும் 25-ஆம் எண் வாயிலை இணையச் சேவை நிறுவனங்கள் பலவும் மூடிவைத்துள்ளன. அமேசான், கூகுள் ஆகியவற்றின் மேகக்கணினிச் சேவைகளிலும் அவ்வாயில் இயல்பாகத் திறந்திருப்பதில்லை. மேலும், ஐபி முகவரியைக் கொண்டு பெயரைத் தேடினால் அனுப்பும் சேவையகத்தின் பெயரே கிடைக்க வேண்டும். இந்தத் தலைகீழ்ப் பெயர்ப்பதிவை இணைப்பை வழங்கும் நிறுவனமே செய்துதர முடியும்.

2024-இல் வந்த கடுமை

நல்வழக்கமாக மட்டுமே கருதப்பட்ட இவற்றைக் கட்டாயமாக்கப்போவதாக கூகுளும் யாஹூவும் 2023 அக்டோபரில் அறிவித்தன. அவ்விதிகள் 2024 பிப்ரவரி முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தன. தனிநபர் ஜிமெயில் கணக்குகளுக்கு நாளொன்றுக்கு 5,000 கடிதங்களுக்கு மேல் அனுப்பும் களப்பெயர்கள் மூன்று சான்றுகளையும் வைத்திருக்க வேண்டும் என்று கூகுள் கூறியது. அதைவிடக் குறைவாக அனுப்புவோருக்கு எஸ்பிஎஃப், டிகேஐஎம் ஆகியவற்றில் ஒன்றும், தலைகீழ்ப் பெயர்ப்பதிவும், மறைகுறியாக்கப்பட்ட இணைப்பும் கட்டாயமாயின. விளம்பரக் கடிதங்களை மொத்தமாக அனுப்புவோர், ஒரே சொடுக்கில் விலகிக்கொள்ளும் வசதியை அளித்து, விலகல் கோரிக்கையை இரண்டு நாள்களுக்குள் நிறைவேற்ற வேண்டும்.

பெறுநர்கள் 'இது ஸ்பேம்' என்று புகாரளிக்கும் விகிதமும் அளக்கப்படுகிறது. அது 0.1 விழுக்காட்டுக்குக் கீழ் இருப்பதே நலம், 0.3 விழுக்காட்டை எட்டவே கூடாது என்கிறது கூகுள். ஆயிரம் பேரில் மூவர் புகாரளித்தாலே எல்லை எட்டப்பட்டுவிடும். மைக்ரோசாஃப்ட் நிறுவனமும் இதே போன்ற விதிகளை அவுட்லுக் பயனர்களுக்கு வரும் கடிதங்களுக்கு 2025 மே 5 முதல் நடைமுறைப்படுத்தியது.

இவ்விதிகளை வகுத்தது எந்த நாட்டின் நாடாளுமன்றமும் அன்று. எனினும், ஜிமெயில் முகவரி வைத்திருக்கும் குடிமக்களுக்குக் கடிதம் அனுப்பும் அரசுத் துறைகளும் இவற்றுக்குக் கட்டுப்பட்டே ஆக வேண்டியுள்ளது.

மறுக்கப்பட்டதும் ஒதுக்கப்பட்டதும்

கடிதம் ஏற்கப்படாத நிலை மூன்று வகைப்படும். பெறும் சேவையகம் 4-இல் தொடங்கும் மூன்றிலக்க எண்ணைத் தெரிவித்தால், மறுப்பு தற்காலிகமானது. அறிமுகமில்லாத அனுப்புநரைச் சோதிக்க, முதல் முயற்சியை வேண்டுமென்றே மறுக்கும் சேவையகங்களும் உண்டு. முறையாக அமைக்கப்பட்ட சேவையகம் சிறிது நேரம் கழித்து மீண்டும் முயலும். நான்கு, ஐந்து நாள்கள் வரை முயல வேண்டும் என்பதே நெறிமுறையின் பரிந்துரை. 550 போன்று 5-இல் தொடங்கும் எண் வந்தால், மறுப்பு இறுதியானது. அனுப்பியவருக்குக் கடிதம் சேரவில்லை என்னும் அறிவிப்பு வந்துவிடும்.

மூன்றாவது வகையே சிக்கலானது. கடிதம் ஏற்கப்பட்டு, குப்பைப் பகுதியில் ஒதுக்கப்படுகிறது. அனுப்பியவரின் பதிவேட்டில் 'சேர்ந்தது' என்றே இருக்கும். பெறுநரோ அதைப் பார்த்திருக்க மாட்டார். இருவருக்கும் நடந்தது தெரியாது.

சட்டம் கூறுவது என்ன?

இந்த வேறுபாடு தொழில்நுட்பத்தோடு முடிந்துவிடுவதில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 13-ஆம் பிரிவின்படி, மின்னணுப் பதிவைப் பெறுவதற்கென ஒரு கணினி வளத்தைப் பெறுநர் குறிப்பிட்டிருந்தால், அவ்வளத்துக்குள் பதிவு நுழையும் நேரமே அது பெறப்பட்ட நேரமாகும். இருதரப்பும் வேறு விதமாக உடன்பட்டிருந்தால் மட்டுமே இதற்கு விலக்கு. பெறுநர் அதைத் திறந்து படித்தாரா என்னும் கேள்வியை இப்பிரிவு எழுப்பவில்லை.

மத்திய சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டத்தின் 169-ஆம் பிரிவு, பதிவின்போது அளிக்கப்பட்ட மின்னஞ்சல் முகவரிக்கு அறிவிப்பு அனுப்புவதை அறிவிப்பு சார்வு செய்யும் முறைகளுள் ஒன்றாக ஏற்கிறது. 1961-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தின் 282-ஆம் பிரிவும் மின்னணு வழிக்கு இடமளித்தது. 2019-இல் தில்லியை மையமாகக் கொண்டு தொடங்கப்பட்ட நேரில் வராத வரி மதிப்பீட்டு முறையில், அதிகாரியும் வரி செலுத்துவோரும் சந்திப்பதேயில்லை. குறித்த நாளுக்குள் விடையளிக்க வேண்டிய ஓர் அறிவிப்பு குப்பைப் பகுதியில் கிடந்தால், இழப்பு பெறுநருக்கே. தொழில்முனைவோர் அப்பகுதியையும் வரித் துறையின் இணையதளக் கணக்கையும் தவறாமல் பார்த்துவர வேண்டியதன் காரணம் இதுவே.

சான்று எதைக் காட்டாது?

மூன்று சான்றுகளும் 'யார் அனுப்பியது' என்பதை மட்டுமே உறுதிப்படுத்துகின்றன. அனுப்பியவரின் நோக்கத்தை அவை காட்டுவதில்லை. அரசுக் களப்பெயரை ஒத்திருக்கும்படி, ஓர் எழுத்தை மட்டும் மாற்றிப் பதிவுசெய்த போலிக் களப்பெயரும் தனக்குரிய சான்றுகளை முறையாகப் பெற்றுவிட முடியும். கடவுச்சொல் களவுபோன உண்மையான கணக்கிலிருந்து வரும் மோசடிக் கடிதமும் எல்லாச் சோதனைகளிலும் தேறிவிடும். வரித்தொகை திரும்பக் கிடைக்கும் என்று கூறி வங்கி விவரம் கேட்கும் கடிதத்தில் அனுப்புநர் முகவரியை எழுத்தெழுத்தாகப் படிப்பது இன்றும் அவசியமாகிறது.

சொந்தச் சேவையகம் தேவையா?

அலுவல் கடிதங்களுக்கு என்ஐசி சேவையையே பயன்படுத்த வேண்டும் என்னும் மின்னஞ்சல் கொள்கையை மத்திய அரசு 2015 பிப்ரவரியில் அரசிதழில் வெளியிட்டது. வெளிநாட்டு நிறுவனங்களின் சேவையகங்களில் அரசின் தகவல்கள் தங்குவதைத் தவிர்ப்பது அதன் முக்கிய நோக்கம். தனியார் நிறுவனங்களுக்கு அத்தகைய கட்டாயம் இல்லை.

சொந்தமாக நடத்த முடிவுசெய்வோர், கண்காணிப்பையும் சேர்த்தே ஏற்க வேண்டும். இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவின்படி, குறிப்பிட்ட வகை இணையத் தாக்குதல்களை அறிந்த ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். கணினிப் பதிவேடுகளை 180 நாள்கள் பாதுகாக்க வேண்டும்.

நடைமுறையில் பலரும் நடுவழியையே தேர்ந்தெடுக்கின்றனர். கடிதங்களைத் தமது சேவையகத்தில் சேமித்து, வெளியே அனுப்பும் பணியை மட்டும் நற்பெயர் பெற்ற அனுப்புச் சேவை ஒன்றிடம் ஒப்படைக்கின்றனர். தரவு தம்மிடம் இருக்கும். ஐபி முகவரியின் வரலாறு பற்றிய கவலை குறையும். எவ்வழியைத் தேர்ந்தாலும் களப்பெயர் தமது பெயரிலேயே பதிவாகியிருக்க வேண்டும். சேவை நிறுவனத்தை நாளை மாற்றினாலும், பழைய முகவரியிலேயே, சேர்த்துவைத்த நற்பெயரை இழக்காமல் தொடர அதுவே வழி. பல லட்சம் அரசுக் கணக்குகள் முகவரி மாறாமல் இடம் மாற முடிந்ததும், களப்பெயர் அரசிடமே இருந்ததால்தான்.