பொறியின்றிப் பறத்தல்

நண்பகல் வேளையில் அபிராமபுரத்து மாடிகளிலிருந்து நோக்கினால், அடையாற்றின் பக்கம் பருந்துகள் சிறகசைக்காமல் வட்டமிட்டு உயர்வதைக் காணலாம். வெயிலில் சூடேறிய நிலத்திலிருந்து மேலெழும் காற்றே அவற்றைத் தூக்குகிறது. கிளைடர் எனப்படும் பொறியில்லா வானூர்தியும் அக்காற்றையே நம்புகிறது.

புனே நகரின் ஹடப்சரில் நடுவண் அரசின் கிளைடிங் மையம் உள்ளது. அங்கு ஊர்தியை நீண்ட வடத்தில் பிணைத்து, தரையிலுள்ள விஞ்ச் என்னும் பொறியால் விரைந்து இழுப்பர். அது பட்டம்போல் மேலேறும். ஏறுகையில் வடம் அறுவதும் உண்டு. அக்கணமே விமானி ஊர்தியின் மூக்கைத் தாழ்த்தி வேகத்தைக் காக்க வேண்டும். தயங்கினால் ஊர்தி நிலைகுலையும். எனவே, தனித்துப் பறக்கவிடுமுன் இதனைப் பன்முறை பழக்குவர்.

வடத்தை விடுவித்தபின் காற்றின் இரைச்சல் மட்டுமே கேட்கும். அசைவற்ற காற்றில் ஊர்தி நொடிக்கு ஒரு மீட்டர் அளவில் இறங்கிக்கொண்டேயிருக்கும். அதனினும் விரைந்தெழும் காற்று அகப்பட்டால் மணிக்கணக்கில் பறக்கலாம். குளிர்ந்த காலைப்பொழுதிலோ சில நிமிடங்களில் தரை வந்துவிடும். பருந்து வட்டமிடும் இடத்தைத் தேர்ந்த விமானிகள் தேடிச் செல்வது இதனாலேயே. தரையிறங்கும்போது மீண்டும் ஒரு சுற்றுச் சுற்றிவரப் பொறி இல்லை. உயரம் எஞ்சியிருக்கையிலேயே ஓடுதளம் நோக்கித் திரும்பிவிட வேண்டும். இறங்கிய ஊர்தியை, அடுத்துப் பறக்கக் காத்திருப்போர் தள்ளிச்சென்று வடத்தருகே நிறுத்துவது கிளைடர் கழகங்களின் வழக்கம்.